பிரபு தப்பித்த வழி

பிரான்சின் தெற்கே மோன்கப்ரோல் என்ற சிற்றூரில் அர்மான் தெல்ப்ரெய் சாவதைப் பார்க்கச் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வருவார்கள். ஆகஸ்டில் மாதா விண்ணேற்புத் திருநாளன்று, வெயில் தாழ்ந்த பிறகு, குன்றின்மேல் இடிந்து நிற்கும் கோட்டை மதிலில் ஏறி அவர் சாக ஆரம்பிப்பார். முதல் வருஷம் நெஞ்சில் அம்பு தைத்ததும் பொத்தென்று விழுந்து சட்டென்று கதையை முடித்துக்கொண்டவர்தான். வருஷம் ஏற ஏறச் சாவும் நீண்டுகொண்டே போனது. ஒரு வருஷம் தள்ளாட்டம் சேர்ந்தது. அடுத்த வருஷம் வாளை ஊன்றியபடி ஒரு பேச்சு. அதற்குப் பிறகு, மதிலோரமாக நடந்து தன் வயல்களையும் வால்நட் தோப்புகளையும் ஒருமுறை கண்ணாரப் பார்த்து விடைபெறுவது. இப்போதெல்லாம் பிள்ளைகள் நடுவில் எழுந்து போய், வரிசையில் நின்று ஐஸ்கிரீம் வாங்கித் தின்று முடித்துத் திரும்பினாலும் அவர் நடிக்கும் ரேமோன் பிரபுவுக்கு உயிர் போயிருக்காது.

நாடகத்தின் கதை ஊருக்கே மனப்பாடம். இங்கிலாந்தும் பிரான்சும் நூறு வருஷம் அடித்துக்கொண்ட காலத்தில் ஆங்கிலேயப் படை ஒன்று மோன்கப்ரோலைச் சூழ்ந்துகொண்டது. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்துக்கொண்டு ரேமோன் பிரபு அவர்களை விரட்டியடித்தார். வெற்றி கைக்கு வந்த நேரத்தில் எங்கிருந்தோ வந்த அம்புக்குப் பலியானார். அந்தத் துக்கம் தாங்காமல் கோட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக இடிந்து விழுந்தது. இதையெல்லாம் ஊர் எல்லையில் பெரிய பலகையிலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

அர்மான் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேர் சின்ன வயதில் அவர் பஸ்ஸில் போனவர்கள்தான். ஆனால் அத்தனை வருஷமும் அவர்கள் பார்த்தது அவருடைய பிடரியை மட்டும். அவருக்கு முகம் என்று ஒன்று இருப்பது மதில்மேல் ஏறிய பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. ரொட்டிக் கடையில் "வாங்க பிரபு" என்று பாதி மரியாதையாகவும் பாதி கிண்டலாகவும் கூப்பிடுவார்கள். அவர் காதில் மரியாதைப் பாதி மட்டும் விழும்.

பிரபுவின் மனைவி சீமாட்டி தூல்சாவாக நடிப்பது அர்மானின் மனைவி லுசெத். கோபுர ஜன்னலில் தோன்றி, "ஐயோ, என் நாதா!" என்று கத்திவிட்டு மயங்கி விழ வேண்டும். அவ்வளவுதான் வேடம். விழுகிற இடத்தில் ஒரு தலையணையும் பாதியில் நிற்கும் ஸ்வெட்டர் பின்னலும் வைத்திருப்பாள். கணவர் செத்து முடிப்பதற்குள் ஒரு கை முழுக்கப் பின்னிவிடலாம்.

ஆங்கிலேயப் படைக்கு ஆள் கிடைக்காமல் முன்பு திண்டாடிக்கொண்டிருந்தார்கள். பிறகு நிஜ ஆங்கிலேயர்களே வந்து பக்கத்துப் பண்ணைவீடுகளை வாங்கிக் குடியேறினார்கள், கவலை விட்டது. அவர்களுக்குத் தளபதி கீத். லீட்ஸ் நகரத்தில் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். ஒவ்வொரு வருஷமும் சாம்பல் கம்பளியில் பின்னிய கவசத்தைப் போட்டுக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்துச் சரிவில் ஏறி, தோற்று, முழங்கால் வலிக்க இறங்கி ஓடுவார். வாரநாட்களில் அர்மானும் அவரும் மைதானத்தில் இரும்புக் குண்டு உருட்டி விளையாடுகிறவர்கள். கீத்தின் பிரெஞ்சில் ஆண், பெண், ஒன்று, பல எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். யாரும் அதைத் திருத்துவதில்லை.

அந்த வருஷம் வசந்தத்தில் துலூஸிலிருந்து சொலேன் என்ற தொல்லியல்காரப் பெண் ஒருத்தி மாணவர் கூட்டத்தோடு வந்து கோட்டையைத் தோண்ட ஆரம்பித்தாள். அர்மானுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் பிளாஸ்கில் காபியோடு மேலே ஏறிப் போவார். தான் சாகிற இடத்தைக் காட்டி, "இங்கதான் பாத்துத் தோண்டணும். அம்பு கிடைச்சாலும் கிடைக்கும்" என்பார். சொலேனும் பொறுமையாகக் காபியை வாங்கிக் குடித்துக்கொண்டு, "பாக்கறோம் முசியே அர்மான்" என்பாள்.

ஜூன் மாதம் ஒரு மாலையில் மேயர் மதாம் பூஸ்கே ஊர்க்கூடத்தில் எல்லோரையும் கூட்டினார். தோண்டியதில் தெரிந்ததைச் சொலேன் சொல்லப்போகிறாள் என்று அறிவிப்பு. அர்மான் முன்வரிசையில் சவரம் செய்து, இஸ்திரிச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"முதல்ல வாசலைப் பத்திச் சொல்லிடறேன்" என்று சொலேன் ஆரம்பித்தாள். "வாசல் கல்லுல எரிஞ்ச தடமும் இல்ல, உடைச்ச தடமும் இல்ல. எறிகல்லு ஒண்ணுகூடக் கிடைக்கல. கதவை உள்ளேருந்துதான் திறந்துவிட்டிருக்காங்க."

"யாரு?" என்றார் மேயர்.

"அது தெரியாது மதாம். ஆனா ஆங்கிலேயருங்க உள்ள வந்து ரொம்ப வருஷம் இருந்திருக்காங்க. அவங்க குப்பைக்குழியத் தோண்டினோம். வாத்து எலும்பு, பன்றி எலும்பு, இந்த ஊர்ப் பானைங்க, பிள்ளைங்க விளையாடற களிமண் குதிரைகூட இருந்துச்சு. சண்டை போட வந்தவங்க இடம் மாதிரியே இல்ல. குடும்பம் நடத்தினவங்க இடம் மாதிரி இருக்கு."

பின்வரிசையில் கீத் மெதுவாகக் கையைத் தூக்கினார். "மன்னிக்கணும். அப்போ... நாங்க ஜெயிச்சுதா?"

"ஜெயிச்சீங்கன்னு சொல்ல முடியாது. வந்தீங்க. தங்கிட்டீங்க."

"இப்போ மாதிரியே" என்றாள் யாரோ ஒருத்தி. கூடம் சிரித்தது.

அர்மான் எழுந்து நின்றார். அவர் சிரிக்கவில்லை. "ரேமோன் பிரபு உசிரோட இருக்கறவரைக்கும் எவன் கதவைத் திறந்திருப்பான்? அவர் செத்த பிறகு எவனோ துரோகி திறந்திருக்கணும்."

சொலேன் தயங்கினாள். இத்தனை நாள் வாங்கிக் குடித்த காபி தொண்டையில் நின்றதோ என்னவோ. பிறகு ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து வெண்கல முத்திரை ஒன்றை எடுத்துக் காட்டினாள். மூன்று ஆட்டுத்தலையும் சுற்றிலும் எழுத்தும். ரேமோன் பிரபுவின் முத்திரை. கூடத்தில் எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். அர்மானுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கம்மா கிடைச்சுது?"

"கழிப்பறையில முசியே."

"என்னது?"

"மேல்தளத்துல உட்கார்ற கல்லு இருக்கில்லையா, அதுலேருந்து சுவருக்குள்ளேயே இறங்கி வெளிப்பக்கம் சரிவுல திறக்கற பொந்து ஒண்ணு இருக்கு. அதைச் சுத்தம் பண்ணினோம். பாதி வழியில, கல் இடுக்குல இது மாட்டிக்கிட்டிருந்துச்சு. கூடவே இடுப்பு வாரோட கொக்கி, பிய்ஞ்சது. அப்புறம் குதிரையை விரட்டறதுக்குக் குதிகால்ல மாட்டற முள்ளு, ஒத்தை."

மேயர் சமாதானமாகச் சொல்லிப் பார்த்தார். "கைதவறி விழுந்திருக்கலாமே?"

"முத்திரை விழலாம் மதாம். இடுப்பு வார் தானா பிய்ஞ்சு விழாது. இறங்கினவர் இடுப்பு மாட்டிக்கிட்டு, பிய்ச்சுக்கிட்டுப் போயிருக்காரு. தெற்கே மடத்துல ஒரு ரேமோன் கல்லறை இருக்கே, பேரனோடதுன்னு சொல்லிக்கிட்டிருந்தோமே, அது பேரன் இல்ல. அவரேதான். வயசாகி, கட்டில்ல படுத்து, நிம்மதியா போய்ச் சேர்ந்திருக்காரு."

அப்போதுதான் லுசெத் சிரித்தாள். அடக்கிப் பார்த்து முடியாமல், மூக்கு வழியாகப் பீறிட்டு வந்த சிரிப்பு. அது பக்கத்து நாற்காலிக்குத் தொற்றி, கடைசி வரிசைவரை போனது. அர்மான் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டாள்.

சிரிப்பு அடங்கியதும் மேயர், "சரிம்மா, சண்டை இல்ல, சாவு இல்ல. அப்போ கோட்டை எப்படித்தான் இடிஞ்சுது?" என்று கேட்டார்.

"இடியல மதாம். ஆங்கிலேயருங்க போனதுக்கப்புறம் பிரபு குடும்பத்துல யாரும் இங்க தங்கல. கொஞ்சம் கொஞ்சமா கல்லை எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"யாரு? எவன் அப்படிச் செஞ்சது?"

சொலேன் கூடத்தை மெல்ல ஒரு சுற்றுப் பார்த்தாள். "உங்க பன்றிக்கொட்டில் வாசப்படியில ஒரு சிங்கத்தோட கால் செதுக்கியிருக்கு. நீங்க கவனிச்சதில்லையா மதாம்?"

மதாம் பூஸ்கே முகம் சிவந்து தண்ணீர் குடித்தார். மற்றவர்கள் தத்தம் அடுப்பங்கரையையும் கிணற்றடியையும் மனதில் தடவிப் பார்த்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்கள். கூட்டம் கலைந்தது.

வீட்டுக்கு வந்தும் அர்மான் சட்டையைக் கழற்றவில்லை. மேஜைமுன் விறைப்பாக உட்கார்ந்தார். லுசெத் பூண்டு சூப்பை முன்னால் வைத்தாள்.

"நீ சிரிச்ச."

"சிரிச்சேன். என்ன இப்போ? இத்தனை வருஷமா ஜன்னல்ல நின்னு 'என் நாதா, என் நாதா'ன்னு தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். அந்த நாதன் அப்போ எந்தப் பொந்துல இருந்தான்னு இன்னிக்குத்தானே தெரியுது!"

"அந்தப் பொண்ணு சொன்னா நம்பிடறதா? புத்தகம் படிச்ச கழுதை."

"காபி கொண்டு போய்க் குடுத்தப்போ தேவதையா இருந்தா."

லுசெத் எதிரில் உட்கார்ந்து தன் சூப்பைக் குடித்துக்கொண்டே யோசித்தாள். "நான் ஒண்ணு சொல்லவா? அவன் ஓடிட்டான்னா சாவி யார் கையில இருந்திருக்கும்? தூல்சா கையில. அவதான் திறந்திருப்பா. உள்ள எத்தனை பிள்ளைங்க அழுவுது, எத்தனை நாளைக்கு மாவு இருக்குன்னு அவளுக்குத்தானே தெரியும். அர்மான், நான்தான் கதவைத் திறந்தேன்!"

"நீ ஒரு மண்ணும் திறக்கல. மயங்கி விழுந்து கிடந்த."

"இனிமே விழமாட்டேன் போ."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "கேட்டுக்க. வளர்ந்த ஆம்பிளை உடம்பு அந்தப் பொந்துல போகாது. நாளைக்கே எல்லார் முன்னாடியும் காட்டறேன்."

மறுநாள் காலை அவர் பிளாஸ்க் எடுக்காமல் மேலே ஏறினார். சொலேன் அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு, "முசியே அர்மான், தயவுசெஞ்சு அதுல இறங்கிடாதீங்க. எனக்குத்தான் திட்டு விழும்" என்றாள். "இறங்குவேனா? சும்மா பாக்க வந்தேன்" என்றார் அவர். அவர்கள் எல்லோரும் ரொட்டி தின்ன மரநிழலுக்குப் போகிறவரை மதில்மேல் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து மேல்தளத்துக்குப் போனார்.

உட்காரும் கல்லைச் சுற்றி மாணவர்கள் கயிறு கட்டியிருந்தார்கள். அவர் கயிற்றைத் தாண்டினார். துவாரம் தோள் அகலம் இருந்தது. உள்ளே கல் வழவழப்பாகச் சாய்ந்து இறங்கி, அடியில் ஒரு கொத்து வெளிச்சம். காலை விட்டுப் பார்ப்போம், தொடையிலேயே நின்றுவிடும், அப்படியே நின்று சொலேனைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்பதுதான் அவர் திட்டம். காலை விட்டார். தொடை போனது. இன்னும் கொஞ்சம் விட்டார். பிருஷ்டம் போனது. கைப்பிடி வழுக்கியது. சரக்கென்று ஓர் ஆள் உயரம் இறங்கி, தொப்பை கல்லில் முட்டி, மனிதர் மூடி போட்ட மாதிரி நின்றுவிட்டார்.

கூப்பிடலாம் என்றால் வெட்கம். மேலே வட்டமாக வானம் தெரிந்தது. காக்கை போன்ற சின்னக் கரும்பறவை ஒன்று விளிம்பில் உட்கார்ந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனது. கைகள் தலைக்குமேல் நீட்டினபடி மாட்டிக்கொண்டிருந்தன. இடுப்பு வாரின் கொக்கி கல் இடுக்கில் குத்தி நின்றது. அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார், அசையவில்லை. அப்போதுதான் அவருக்கு ரேமோன் பிரபுமேல் இருந்த ஆத்திரம் ஏறி உச்சிக்கு வந்தது. இத்தனை வருஷம் உனக்காக எப்படியெல்லாம் செத்திருக்கேன் தெரியுமா, இதுலயாடா போன நீ, என்று மனதுக்குள் கத்தினார். கத்தி முடித்தபோது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இதே இடம். இதே கல். வெளியே ஆயிரம் பேர் ஈட்டியோடு நிற்க, அந்த ஆளுக்கும் இப்படித்தான் அடித்திருக்கும். அவனுக்கும் தொப்பை இருந்திருக்கிறது, பாவம். இல்லாவிட்டால் கொக்கி ஏன் பிய்கிறது? அர்மானுக்கு ஆத்திரம் கரைந்துபோய், அந்த மனிதனுடைய தோளில் கைபோட்டுக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அப்படியே, வெட்கத்தை விட்டு, "யாராவது வாங்களேன்!" என்று கத்தினார்.

முதலில் கேட்டது கீழே இருந்த ஒரு மாணவிக்கு. சரிவில் நின்று பொந்துக்குள் அண்ணாந்து பார்த்தவள், "மதாம், இதுல ரெண்டு செருப்பு தெரியுது. உள்ள காலும் இருக்கு!" என்று அலறினாள்.

சொலேன் ஓடி வந்தாள். அவள் தீயணைப்புப் படையைக் கூப்பிடப் போனபோது அர்மான் உள்ளேயிருந்து, "வேண்டாம்! ஊரெல்லாம் சைரன் அடிச்சுக்கிட்டு வருவானுங்க. கீத்தைக் கூப்பிடு!" என்று கெஞ்சினார். கீத் வந்தார். கூடவே, சேதி எப்படியோ எட்டி, லுசெத்தும் மேயரும் ரொட்டிக் கடைக்காரரும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் வந்துவிட்டார்கள்.

கீத் மேலிருந்து எட்டிப் பார்த்தார். கீழே போய் அண்ணாந்து பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் அத்தனை நாள் இல்லாத ஒரு களை.

"நண்பா, நீ பயப்படாதுங்க. நாப்பது வருஷம் நான் அடைப்பு எடுத்தாள். இது சின்ன அடைப்பு."

"என்னைப் பாத்து அடைப்புங்கறான்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வழவழன்னு ஒண்ணு வேணும். சோப்பு, எண்ணெய்."

லுசெத் அதற்குள் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருந்தாள். பெரிய கண்ணாடி ஜாடி வந்தது. குளிர்காலத்துக்காக உருக்கி வைத்த வாத்துக் கொழுப்பு. அவள் பெருமூச்சோடு மூடியைத் திறந்தாள். "உருளைக்கிழங்கு வறுக்கன்னு ஆசையா வச்சிருந்தேன். எவன் மேல கொட்டறதுக்குன்னு இருக்கு பாரு."

"லுசெத், நீயா? பேசாம ஊத்து."

"மன்னிப்புக் கேளு. ஊத்தறேன்."

"எதுக்கு?"

"கதவைத் திறந்தது யாரு?"

பொந்தின் ஆழத்திலிருந்து வந்தது பதில்: "நீதான். நீதான் திறந்த. ஊத்துடி!"

அவள் ஊற்றினாள். தலையில் விழுந்து, காது வழியாக, சட்டைக்குள் புகுந்து கொழுப்பு இறங்கியது. கீழே மாணவர்கள் தார்ப்பாயை விரித்து நாலு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். கீத், "இப்போ மூச்சு வெளிய விடுங்க, கையை ஆட்டுங்க, ஒண்ணு, ரெண்டு..." என்றார். மூன்று சொல்லத் தேவைப்படவில்லை. டப்பென்று கொக்கி பிய்கிற சத்தம். அர்மான் தெல்ப்ரெய் பளபளவென்று வெளியே வழுக்கி வந்து தார்ப்பாயில் விழுந்து, சரிவில் ஒரு புரள் புரண்டு எழுந்து நின்றார். கால்சட்டை முழங்காலுக்கு இறங்கியிருந்தது. தலைமயிரில் பறவைக் கூட்டின் குச்சிகள்.

என்ன செய்வதென்று தெரியாதபோது உடம்பு பழகினதைச் செய்யும். அர்மான் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நெஞ்சில் வைத்து, கூட்டத்தைப் பார்த்துக் கம்பீரமாகக் குனிந்தார்.

வெடித்தது சிரிப்பு. கூடவே கைதட்டல். மதாம் பூஸ்கே கல்லில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரொட்டிக் கடைக்காரர் விசிலடித்தார். அர்மான் இந்தக் கைதட்டலைக் கவனித்துக் கேட்டார். அவர் சாகும்போது தட்டுகிற கைதட்டல் அவருக்குத் தெரியும். மரியாதையானது, அப்பாடா முடிந்தது என்கிற நிம்மதி கொஞ்சம் கலந்தது. இது வேறு. இது வயிற்றிலிருந்து வருவது.

அவர் சொலேனிடம் போனார். "போகுதும்மா" என்றார். "மனுஷ உடம்பு போகுது."

அன்று மூன்று முறை குளித்தும் அவர்மீது வறுத்த வாத்து வாசனை போகவில்லை. தெருவில் நாய்கள் எல்லாம் நட்பாகப் பின்னால் வந்தன. மாலையில் மேயர் வீடு தேடி வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். "அர்மான், நாடகத்தை மாத்தி எழுதலாம்னு பாக்கறோம். பிரபு வேஷம் இனிமே கொஞ்சம்... சின்னதாயிடும். நீங்க வேண்டாம்னா நான் புரிஞ்சுக்குவேன்."

"சின்னதாவா? அவர் எப்படித் தப்பிச்சாருன்னு காட்டறதுக்கு நேரம் வேணுமே மதாம்" என்றார் அர்மான். "முதல்ல யாரும் பாக்கலியான்னு பாக்கணும். அப்புறம் ஒரு காலை விட்டுப் பாக்கணும். அப்புறம் நகைப்பெட்டியை மறந்துட்டோமேன்னு திரும்பி வரணும்..."

உள்ளே லுசெத் ஸ்வெட்டர் ஊசிகளைக் கீழே வைத்துவிட்டு, "ஆரம்பிச்சுட்டாரு" என்றாள்.

அச்சடித்து வைத்திருந்த சுவரொட்டிகளில் 'ஆங்கிலேயர் முற்றுகை' என்று இருந்தது. புதிதாக அச்சடிக்க மனமில்லாமல், கடைசிச் சொல்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி 'வருகை' என்று மேயர் தன் கையாலேயே எழுதினார். எல்லைப் பலகையை என்ன செய்வதென்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

திருநாளன்று வழக்கத்தைவிட இரண்டு பங்கு கூட்டம். வாத்துக் கொழுப்புச் சமாசாரம் பள்ளத்தாக்கு முழுவதும் பரவியிருந்தது. நிஜப் பொந்தில் மறுபடியும் இறங்கச் சொலேன் விடவில்லை. முற்றத்தில் பலகை அடித்து, அகலமாகவே ஒன்று செய்து கொடுத்திருந்தார்கள். அர்மான் மதில்மேல் நின்று மார்தட்டி வீரப் பேச்சுப் பேசினார். அதே பழைய பேச்சு, ஒரு சொல் மாற்றவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே கீழே சரிவில் கீத்தின் படை முரசடித்தது. பிரபுவின் குரல் மெல்ல ஏறி, நடுங்கி, கோழி கொக்கரிப்பது போல் முடிந்தது. அவர் ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கிக் கழிப்பறை இருக்கும் மூலையை நோக்கி நகர்ந்தபோது கூட்டம் விழுந்து புரண்டது. நகைப்பெட்டிக்குத் திரும்பி வந்தார். தொப்பிக்குத் திரும்பி வந்தார். கடைசியில் மனைவிக்கு முத்தம் கொடுக்கத் திரும்பி வந்தார். லுசெத் முத்தத்தை வாங்கிக்கொண்டு, அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவிக்கொண்டாள்.

பிறகு அவள் காட்சி. தனியாக முற்றத்தைக் கடந்து வாசலுக்குப் போனாள். கதவைத் திறந்தாள். எதிரே வாளோடு கீத்.

"யாரு நீ?" என்றாள் லுசெத்.

"நான் இங்கிலாந்து ராஜாவோட தளபதிகள்."

"காலைத் துடைச்சுட்டு உள்ள வா. வாளை வெளிய சாத்தி வை. பிள்ளைங்க தூங்குது. கோழிமேல கை வச்சா தொலைச்சுடுவேன். ஞாயித்துக்கிழமை எல்லாரும் பூசைக்குப் போகணும். சம்மதமா?"

லுசெத்துக்கு எழுதிக் கொடுத்ததில் முதல் வரி மட்டும்தான் இருந்தது; மற்றதெல்லாம் அவள் சொந்தச் சரக்கு. கீத் திகைத்துப் போனார். அவருக்குப் பின்னால் கம்பளிக் கவசத்தில் நின்ற ஆங்கிலேயர்கள், இத்தனை வருஷம் அந்த வாசலைத் தாண்டி ஒருமுறைகூட உள்ளே விடப்படாதவர்கள், அவர் முதுகைப் பிடித்துத் தள்ளினார்கள். "சம்மதம் மதாம்" என்றார் கீத், வாழ்க்கையில் முதல்முறையாகத் தப்பில்லாத பிரெஞ்சில். வரிசையாகக் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். பெண்கள் எழுந்து நின்று தட்டினார்கள்.

அதே நேரத்தில் பலகைப் பொந்தின் அடியிலிருந்து, முகமெல்லாம் களிமண் பூசிக்கொண்டு பிரபு தவழ்ந்து வெளியே வந்தார். பார்வையாளர்களுக்கு நடுவே புகுந்து சரிவில் ஓட வேண்டும், ஆலிவ் பச்சைக் கூடாரத்துக்குப் பின்னால் போய் மறைந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் ஓடினார். பிள்ளைகள் ஒரு கூட்டம் "புடி! புடி!" என்று துரத்தியது. அவர் பஸ்ஸின் பழைய பயணிகள், இல்லை, பழைய பயணிகளின் பிள்ளைகள். கூடாரத்தைத் தாண்டியும் விடவில்லை. கீழே பாதையோரம் புல்லில் நின்ற பழைய காரில் பக்கத்து ஊர்த் தம்பதி ஒன்று, கால்வலி காரணமாக மேலே ஏறாமல், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கிருந்தே நாடகம் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏறுங்க பிரபு!" என்றாள் அந்த அம்மாள்.

அர்மான் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். பிறகு ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். கார் கிளம்பியது. குன்றின்மேல் கூட்டம் முழுவதும் மதிலோரம் வந்து நின்று, சாலை வளைவில் கார் மறைகிறவரை ஆரவாரம் செய்தது. ஜன்னல் வழியாக ஒரு களிமண் கை ஆடிக்கொண்டே போனது.

அவர் திரும்பி வந்தபோது முற்றத்தில் நீளமாக மேஜை போட்டு விருந்து நடந்துகொண்டிருந்தது. மேற்கே இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. கீத்தின் ஆட்கள் கவசத்தைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, வாத்துத் தொடையைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். லுசெத் தலைமை நாற்காலியில். அவளுக்கு ஒரு பக்கம் சொலேன், மறுபக்கம் மேயர்.

"எங்க போயிட்ட?" என்றாள் லுசெத்.

அர்மான் பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தார். "வில்லெசெக்குக்கு, அந்தக் கார்க்காரங்க ஊருக்கு. காரை நேரா காப்பிக்கடை வாசல்ல கொண்டுபோய் நிறுத்திட்டாங்க. உள்ள போனா எல்லாரும் எழுந்து நிக்கறாங்க. இந்த மண்ணோடயே! ஒருத்தன் கேக்கறான், எங்க ஊர்லயும் இடிஞ்ச கோட்டை ஒண்ணு இருக்கு, அங்கேருந்தும் யாராவது ஓடியிருப்பாங்களே, வந்து ஓடிக் காட்டறீங்களான்னு. நான் சொன்னேன், முதல்ல உங்க பொந்தோட அளவைச் சொல்லுங்கன்னேன். அதுக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா..."

மேஜை முழுக்க அவர் பக்கம் திரும்பியது. அவர் எழுந்து நின்றார். காப்பிக்கடைக்காரர் நடந்து வந்த விதம், கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்த விதம், குவளையைத் துடைத்த விதம் எல்லாவற்றையும் செய்து காட்டத் தொடங்கினார். கதையில் அந்த ஆளின் பதில் மட்டும் இன்னும் வந்தபாடில்லை.

லுசெத் ஒரு தட்டில் வாத்தும் உருளைக்கிழங்கும் போட்டு அவர் முன்னால் தள்ளினாள்.

"ஆறிப்போவுது. தின்னுட்டுச் சொல்லு."

"இதோ, முடிச்சிடறேன்" என்றார் அர்மான்.

கீத் தன் ஒயின் குவளையை நிரப்பிக்கொண்டு சுவரில் வசதியாகச் சாய்ந்தார்.